மூன்று காலில் நிற்கிறது உன் மிஷின்

எங்கள் வீட்டு அவசரக்காரனுக்கு, என் அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உன்னிடம் போய் என்ன நலம் விசாரிப்பது? அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உட்கார்ந்து கேள். குறுக்கே பேசாதே. உயிரோடு இருந்தவரைக்கும் ஒருமுறைகூட நீ என்னை முழுசாகப் பேசவிட்டதில்லை. இந்தத் தடவை உனக்கு வேறு வழியும் இல்லை.

உன் மிஷினின் ஃபிரேமை அறுத்துவிட்டோம், அண்ணா.

திட்டணும் என்றால் திட்டிக்கொள். ஆனால் ஏன் அறுத்தோம், எப்படி அறுத்தோம், அதற்குப் பதில் என்ன கட்டினோம் என்று கேட்டுவிட்டுத் திட்டு. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

நீ நோணாங்குப்பம் பக்கம் ஒரு பட்டறையில் ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்தவன். அண்ணி டிடிபி சென்டரில் வேலை பார்த்தவர். கல்யாணப் பத்திரிகைக்குப் பூவும் கொடியுமாக கம்ப்யூட்டரில் வரைவதில் அவரை அடிக்க ஆளில்லை. இரண்டையும் சேர்த்து உனக்கு ஒரு யோசனை வந்தது. சிஎன்சி ரவுட்டர். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதே கோட்டில் மரத்தைத் தானே வெட்டிச் செதுக்குகிற மிஷின். அண்ணி வரைவார், நீ வெட்டுவாய், உழவர்கரை வீட்டு முன்னறையிலேயே சொந்தத் தொழில்.

"ரெடிமேடா வாங்கறதுக்கு நம்மகிட்ட ஏது? நாமளே கட்டிடுவோம்" என்றாய். மோட்டார் ஒரு மாசம், அது நகர்ந்து ஓட இரும்பு ரெயில் ஒரு மாசம், மரத்தைக் கடைகிற ஸ்பிண்டில் ஒரு மாசம் என்று ஒவ்வொன்றாக வரவழைத்தாய். இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிற ஃபிரேமை மட்டும் உன் கையால் கட்டினாய். கட்டி முடித்து, பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டு இருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பதுகூட ஆகாத ஆளுக்கு அப்படி என்ன அவசரம்? யாரைக் கேட்டுப் போனாய்?

சரி, அழ ஆரம்பித்தால் கடிதம் நகராது.

உன் வருஷத் திதி அன்றைக்குத்தான் இது ஆரம்பித்தது. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு உன் மாமனார் வாயைத் திறந்தார். விழுப்புரம் பக்கத்துச் சம்சாரி, சுற்றி வளைக்கத் தெரியாதவர். "பாப்பாவுக்கு முழுப் பரிட்ச முடியட்டும். வண்டி எடுத்தாந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். அங்க நெலம் இருக்குது, மாடு இருக்குது. இங்க இன்னா இருக்குது இவளுக்கு?"

அண்ணி முன்னறையைப் பார்த்தார். போர்வை போர்த்தி உன் மிஷின் நின்றுகொண்டிருந்தது. "மிஷினு இருக்குதுப்பா" என்றார், மெதுவாக.

"அது ஓடுதா?"

ஒரு வருஷமாக அந்தப் போர்வையை யாரும் எடுத்ததே இல்லை.

"ஓடினா?" என்று கேட்டது நான்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடட்டும்மா. ஓடி, நாலு பேரு வேல குடுத்தா அப்புறம் பேசலாம். நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? எம்பொண்ணு யாரு கையையும் எதிர்பாக்கக் கூடாது, அவ்ளோதான்." அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது, அண்ணா. அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

அண்ணி ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, தன் அண்ணன் பொண்டாட்டி முகம் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டு, வரைகிற கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருப்பார். உன் பாப்பா பள்ளிக்கூடம் மாறும். இங்கே அம்மாவும் நானும் உன் போட்டோவும் மட்டும் மிச்சம். எனக்கு அது ஆகாது. அண்ணிக்கும் ஆகாது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

வேலை கொடுக்க ஒரு ஆள் இருந்தார். கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களில், ஒயிட் டவுனில், பழைய வீடுகளை விடுதியாக மாற்றுகிறவர்களுக்குக் கதவு, ஜன்னல் செய்து கொடுக்கிற மரக்கடைக்காரர். வயதானவர், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கடைப் பையன்களிலிருந்து வாடிக்கைக்காரர்கள் வரை எல்லாருமே அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். கதவுக்கு மேலே காற்றுக்காக வைக்கிற மரப்பலகை இருக்கிறதே, பூவேலை வெட்டிய வென்டிலேட்டர், அது அவருக்கு மாசாமாசம் வேண்டும். அண்ணி வரைந்த படங்களைப் பார்த்துவிட்டு, "படம் ஜோரா இருக்குதும்மா. ஒரு பலகை வெட்டிக் கொண்டாங்க. ஆனா கோடு மிஷின்லயே சுத்தமா வரணும். உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் கொண்டாந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வையை எடுத்தோம். பாப்பாதான் தூசி தட்டினாள். மோட்டார் எல்லாம் குழந்தை மாதிரி எழுந்துகொண்டது. ஒரு தேக்குத் துண்டை மாட்டி, அண்ணி ஒரு சின்னப் பூவைக் கொடுத்தார். மிஷின் ஓடியது. அய்யோ அந்தச் சத்தம்! பல்லைக் கடிப்பதுபோல ஒரு கரகரப்பு, ரூம் முழுக்க அதிர்வு. பூவின் ஓரமெல்லாம் அலை அலையாக வந்திருந்தது. வாழை இலையை யாரோ பல்லால் கடித்து வெட்டினால் அப்படி இருக்கும்.

நான் சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன் என்பதை நீ எப்போதும் கிண்டல்தான் செய்வாய், "குத்தம் கண்டுபுடிக்கச் சம்பளமா? வீட்ல ஓசியிலயே பண்றியே" என்று. அந்தக் குத்தம் கண்டுபிடிக்கிற டயல் கேஜை, பொட்டு அசைவையும் முள்ளில் காட்டுகிற கருவியை, எடுத்து வந்து, ஸ்பிண்டில் பக்கம் முள்ளை வைத்துவிட்டு, ஒரு விரலால் தள்ளினேன். ஒரே விரல். முள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது.

அண்ணா, நீ கட்டியது படகு. மிஷின் இல்லை.

மரைன் பிளைவுட், மேலே ஃபைபர், மழமழவென்று ஒரு பாலிஷ். பார்க்க அவ்வளவு அழகு. நானும் அண்ணியும் இரண்டு பேராகத் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. அதுதானே உன் பெருமை? "எடை கம்மியா இருக்கணும், அடி வாங்கனா வளைஞ்சு குடுக்கணும்" என்பாய். அலை அடிக்கிற இடத்தில் அது சரி. மரத்தைக் கடைகிறபோது ஸ்பிண்டிலைத் தாங்கி மேலே குறுக்கே ஓடுகிற பாலம் ஒரு தலைமுடி அளவு வளைந்து கொடுத்தாலும் அது கோட்டில் தெரியும். அதுவும் அந்தப் பாலத்துக்கு நீ வைத்த கால் எவ்வளவு உயரம்! பெரிய கட்டை உள்ளே போகணும், நாளைக்கு ஒரு தேர்ச்சக்கரமே செதுக்குவோம் என்று ஆசை. உயரம் கூடக் கூட மேலே ஆட்டம் கூடும் என்று நான் சொன்னேனா இல்லையா? "நீ கம்முனு இரு, அளவு பாக்கற வேலையோட நில்லு" என்றாய்.

நீ இருந்திருந்தால் இந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியிருக்கும். கடைசியில் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் சொன்னபடியே செய்திருப்பாய். ஒரு ஆளாகச் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அறுக்கலாம் என்று முடிவு செய்தது நான். ஆனால் ரம்பத்தைக் கையில் எடுத்த பிறகு எனக்குக் கை வரவில்லை. ஃபைபர் ஓரத்தில் ஓரிடத்தில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து இறுகியிருந்தது. காய்வதற்கு முன்னால் தொட்டுப் பார்த்திருக்கிறாய், அவசரக்காரா. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதுக்குள்ளயா இருக்காரு அவரு? குடு இங்க."

முதல் அறுப்பு அண்ணியுடையது. எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

புது ஃபிரேமைப் பற்றிச் சொல்கிறேன், கேள். உனக்குப் பிடிக்காது, ஆனால் ஒத்துக்கொள்வாய். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து கிழித்தேன். பாலத்தின் காலைப் பாதிக்கு மேல் குறைத்தேன். கதவுப் பலகை உள்ளே போனால் போதும், தேர்ச்சக்கரம் அடுத்த ஜென்மத்தில். பாலத்துக்கு ஒற்றைச் சட்டம் இல்லை, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு இரும்பு பாக்ஸ் பைப், பின்னால் தகடு போட்டு மூடியது. திறந்த டப்பாவை முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும், மூடி போட்ட டப்பாவை முறுக்கிப் பார், தெரியும். அடிச்சட்டத்துக்கும் கனமான பைப்தான், குறுக்கே மூலைவிட்டமாகத் தாங்கு.

வெல்டிங் வைப்பதில்தான் யோசனையாக இருந்தது. முழுச் சட்டத்தையும் ஒரே மூச்சில் வெல்டு அடித்தால் சூட்டில் இழுத்துக் கோணிக்கொள்ளும். அதனால் கிரில் கேட் செய்கிற பட்டறையில் சின்னச் சின்னப் பாகமாக மட்டும் வெல்டு வைத்து வாங்கி, வீட்டில் போல்ட் போட்டுக் கோத்தோம். தவறிப்போனால் கழற்றி மாட்டலாம். உன் ஃபைபரைக் கழற்ற ரம்பம் அல்லவா வேண்டியிருந்தது?

பைப்புக்குள் மணல் நிரப்பினோம். அதிர்வை மணல் விழுங்கிவிடும். ஆனால் மணல் பொட்டு ஈரம் இல்லாமல் இருக்கவேண்டும், இல்லையென்றால் உள்ளே துருப்பிடிக்கும். அதற்கு அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கொல்லையில் அடுப்பு மூட்டி, பெரிய இரும்புச் சட்டியை வைத்து, அத்தனை மணலையும் வறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா மதில் மேலே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கடலையா வறுக்கற? வாசனையே வரலையே?" என்று கேட்க, அம்மா, "எம்மவன் மிஷினுக்குத் தீனிடி" என்றாள். நீ போன பிறகு அம்மா முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

ரெயில் உட்காருகிற இடம்தான் இருக்கிறதிலேயே கஷ்டம். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கணும். பைப்பின் மேல்பக்கம் நேராகவா இருக்கிறது? பட்டறையில் கடைந்து வாங்க நமக்குக் கட்டாது. அதனால் ஓரத்தில் வரப்புக் கட்டுவது மாதிரி டேப் ஒட்டி, எபாக்ஸி என்கிற பசையை ஊற்றினோம். தண்ணீர்போல ஓடித் தானே மட்டம் பார்த்துக்கொண்டு இறுகிவிடும். உன் படகு ரெசின் இரண்டு டின் மூலையில் இருந்தது. அதைத் தொடவில்லை. அது காயும்போது சுருங்கும், இதற்கு ஆகாது. மெதுவாக இறுகுகிற எபாக்ஸியாகப் பார்த்து வாங்கினேன். தூசி விழக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து விறுவிறுக்க அண்ணிதான் ஊற்றினார்.

இறுகிய பிறகு டயல் கேஜை ஓட்டிப் பார்த்தேன். முள் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. நானும் அண்ணியும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பாப்பா எங்களைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாட்டி வெட்டினோம். சத்தம் மாறியிருந்தது, கரகரப்பு போய் ஒரே சீரான ரீங்காரம். பலகையும் கண்ணாடி மாதிரி வந்தது, ஒரு மூலையைத் தவிர. பாலம் அந்த மூலைக்குப் போகும்போது மட்டும் கோடு சட்டென்று ஒரு படி இறங்கியது. இன்னொரு பலகை. அதே மூலை. இன்னொன்று. அதேதான். தேக்கு வீணாகிக்கொண்டே போனது.

என்னென்னவோ பார்த்தேன். ரெயில் போல்ட்டை எல்லாம் கழற்றி மாட்டினேன். பாலத்தைத் திறந்தேன். எபாக்ஸி இறங்கிவிட்டதோ என்று பயந்தேன். வேலைக்குப் போய் வந்து சாயங்காலம் முழுக்க அதே வேலை. பாப்பாவுக்குப் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. மாமா போன் போட்டு, எந்தக் கிழமை வண்டி எடுத்து வரட்டும் என்று அண்ணியிடம் கேட்டுவிட்டார். "இன்னா கலை, ஆவுமா ஆவாதா? ஆவாதுன்னா சொல்லிடு, நான் பெட்டி கட்றேன்" என்றார் அண்ணி என்னிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. உன் மேல்கூடக் கோபம் வந்தது, அண்ணா. கட்டுகிறவன் கட்டி முடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

அப்புறம்தான் உறைத்தது. நான் முள்ளைப் பாலத்தின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். தரையிலிருந்து அளந்து பார்க்கவில்லை. கேஜைத் தரையில் நிறுத்தி, முள்ளை அடிச்சட்டத்தில் வைத்துவிட்டுப் பாலத்தை அந்த மூலைக்குத் தள்ளினேன். சட்டமே இறங்கியது. மொத்த மிஷினும் ஆடுகிறது. ஒரு பக்கம் கால் குட்டையான ஹோட்டல் மேசை ஆடுமே, அந்த ஆட்டம். ஆனால் நாலு கால் போல்ட்டையும் மட்டம் பார்த்து இறுக்கியவள் நான்தானே? குனிந்து பார்த்தேன். ஒரு கால் மட்டும் நான் வைத்ததைவிட நீளமாக நின்றது.

"யாராவது இதத் தொட்டீங்களா?"

அண்ணி அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசல் பக்கம் பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல? யாரு திருப்பனது?"

"கத்தாத" என்றாள் அம்மா. "கன்னி மூல தாழ்ந்து கெடந்துச்சு. தூக்கி வெச்சேன். இன்னா இப்போ?"

கன்னி மூலை என்றால் தென்மேற்கு. வீட்டிலேயே அந்த மூலைதான் உயர்ந்திருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், அது தாழ்ந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்பது அம்மாவின் கணக்கு. உனக்குத் தெரியாததா? பீரோவை அந்த மூலையில் வைக்கவில்லை என்று அப்பா இருந்த காலத்திலேயே அவரோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தவள்.

எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. "இரும்புக்கு ஏதும்மா வாஸ்து? உன்னால நாலு பலக வீணாப் போச்சு! அவங்க அப்பா வண்டியோட வரப் போறாரு, உனக்குக் கன்னி மூல கேக்குதா?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அம்மா கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் கட்னப்பவே சொன்னேன்டி. தம்பி, இந்த மூலயில தரை பள்ளமா இருக்குது, தூக்கி வெய்யிடான்னு. சிரிச்சான். போம்மா, இது மிஷின்னான். ஒரு மாசம் தாண்டல. எம்புள்ள போய்ச் சேந்துட்டான். இப்போ இந்தப் பொண்ணு அதே எடத்துல நிக்கப் போறா. இவளுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னாடி பண்ணுவேன்? நீ சொல்லு."

நீ சொல், அண்ணா. நீதான் எதற்கும் பதில் வைத்திருப்பாயே.

"ஸ்பேனர் போட்டுத் திருப்பனது நான்தான், கலை" என்றார் அண்ணி. "அத்த அழுதாங்க. எனக்கும் பயமா இருந்துச்சு. நீ சொன்ன மட்டமெல்லாம் புரியாம இல்ல. இருந்தாலும் மனசு கேக்கல."

அந்தக் காலை நான் அன்றைக்கே இறக்கியிருக்கலாம். இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போனதும் மறுபடி ஏறும். இன்னொரு தடவை இறக்கினால் இன்னொரு தடவை ஏறும். பூட்டுப் போட்டு வைத்தாலும் அந்த மூலையைப் பார்க்கிறபோதெல்லாம் இரண்டு பேருக்கும் நீ கிணற்றடியில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் வரும். மனசில் பயத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி அந்த மிஷினின் முன்னால் தினமும் எப்படி நிற்பாள்? நான் எடைக்கும் அதிர்வுக்கும் கணக்குப் போட்டேனே தவிர, பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் இந்த ரூமில்தான் நடமாடுகிறாள் என்பதைச் சேர்க்கவில்லை. நிற்கிற ஃபிரேம் என்றால் அவளுக்கும் சேர்த்து நிற்க வேண்டும். எப்படியாவது நிற்க வைக்கிறேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுநாள் கம்பெனியில் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சாமானை வைத்து அளப்பது வழவழவென்ற ஒரு கருங்கல் மேடை மேல். வருஷக்கணக்காக அதன் முன்னால்தான் நிற்கிறேன். கையிலிருந்த துணி கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன். அந்தக் கல் மூன்றே மூன்று இடத்தில்தான் தாங்கி நிற்கிறது. நாலு இல்லை. மூன்று.

தலையில் அடித்துக்கொண்டேன். நாலு காலில் ஒன்று உயர்ந்தால் ஆடும், கனம் கூடினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும். மூன்று காலுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. எதை எவ்வளவு உயர்த்தினாலும் மூன்றும் தரையைத் தொட்டுத்தான் ஆகணும். மொத்தமும் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். சாய்ந்தால் நமக்கென்ன? மரத்தை இறுக்கிக் கட்டித்தானே வெட்டுகிறோம்? மிஷின் சாய்ந்திருக்கலாம், முறுக்கிக்கொள்ளத்தான் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலமே நாலு காலையும் கழற்றினோம். கன்னி மூலையில் ஒன்று, அதே தெற்குப் பக்கத்தின் அந்தக் கோடியில் ஒன்று, வடக்குப் பக்கம் நட்டநடுவில் ஒன்று. கால் இல்லாத மூலைகள் கவிழ்ந்துவிடுமோ என்று அண்ணி பயந்தார். நான் ஒவ்வொரு மூலையாக மேலே ஏறி நின்று காட்டினேன். அவ்வளவு மணல் வயிற்றில் இருக்கிறது, அசையுமா?

அப்புறம் ஸ்பேனரை அம்மா கையில் கொடுத்தேன். "இந்தா. உன் கன்னி மூல. உனக்கு எவ்ளோ ஒசரம் வேணுமோ தூக்கிக்க."

அம்மா என்னை நம்பவில்லை. "கிண்டல் பண்றியா?"

"சத்தியமா இல்லம்மா. தூக்கு."

திருப்பினாள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் என்றாள், அண்ணி கை கொடுத்தார், இன்னும் திருப்பினாள். சட்டம் முழுசாகச் சாய்ந்தது, நீளத்துக்கும் கேஜை ஓட்டினேன், ரெயில் முன்பு இருந்த மாதிரியே நேராக இருந்தது. அம்மா எழுந்து, தூர நின்று பார்த்து, தலையை ஆட்டினாள். "ஆங். இப்போதான் பாக்க லட்சணமா இருக்குது." உடனே குங்குமம் எடுத்து வந்துவிட்டாள். "ரெயில்ல மட்டும் வெச்சிடாதம்மா!" என்று நான் அலறியதில் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் வெட்டிய பலகையில் நாலு மூலையும் ஒரே மாதிரி வந்தது. அண்ணி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பேசினால் அழுதுவிடுவோம் என்று இருந்தது.

பரீட்சை முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் மாமா குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார், கட்டிலும் பீரோவும் ஏற்றுவதற்குக் கயிறெல்லாம் எடுத்துக்கொண்டு. அண்ணி காப்பி கொடுத்துவிட்டு, "அப்பா, வண்டி வந்ததே வந்துச்சு. மொதல்ல ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். பலகையைப் பழைய புடவையில் சுற்றி வண்டியில் வைத்தோம். மாமா முன்னால் உட்கார்ந்தார், நாங்கள் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

முசே புடவையைப் பிரித்தார். வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். கண்ணாடியைக் கழற்றி, பலகையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, நகத்தால் ஒவ்வொரு வளைவாகத் தடவினார். அந்த மூலை வந்தபோதும் அவர் நகம் நிற்காமல் போனது.

"உப்புத்தாள் போடல."

"போடலைங்க" என்றார் அண்ணி.

"த்ரே பியான்" என்று தலையாட்டினார். ரொம்ப நல்லா இருக்கிறதாம். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், மாமாவைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "மிஷின் யாருது? வேலைய யார்கிட்டப் பேசணும் நான்?"

எங்க அண்ணனோடது என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன், அண்ணா. பழக்கம். ஒரு வருஷமாக நாங்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், உன் மிஷின், உன் ரூம், உன் ஸ்பேனர்.

அண்ணி எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். "என்னுதுங்க. என்கிட்டயே பேசுங்க."

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன். உன் பெயரை யாரோ பலகையிலிருந்து சீவி எடுத்தது மாதிரி இருந்தது. திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. அந்தக் குரலை அவரும் இதற்கு முன்னால் கேட்டதில்லை போலிருக்கிறது. எனக்குள் இருந்த சுருக் அப்போது போய்விட்டது. நீ இருந்திருந்தாலும் இதைத்தானே ஆசைப்பட்டிருப்பாய்?

திரும்பும்போது மாமா முன்னால் உட்காரவில்லை. எங்களோடு பின்னால் ஏறிக்கொண்டார். இந்திரா காந்தி சிலை தாண்டியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, பாப்பாவுக்கு இங்க ஸ்கூலு எப்போ தொறக்குறாங்க?"

சொன்னேன்.

"யூனிபாரம் நான் எடுத்துத் தரேன்" என்றார். வண்டி காலியாகவே ஊருக்குத் திரும்பியது.

அண்ணா, அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது முன்னறையிலிருந்து அந்த ரீங்காரம் வந்துகொண்டிருக்கிறது. முசேவின் முதல் வேலை. அண்ணிக்கு முழுக் கதவே உள்ளே போகிற மாதிரி இன்னொரு மிஷின் வேண்டுமாம், இப்போதே படம் வரைய ஆரம்பித்துவிட்டார். என் அளவில் இரண்டு குற்றம் கண்டுபிடித்துச் சொல்கிறார், அதுவும் சரியாக. அதைக் கட்டிக் கொடுக்கிறேன். அதில் உன் பிளைவுட் ஒரு துண்டுகூட இருக்காது, உன் பெயரைச் சொல்லி யாரும் வேலை கேட்க மாட்டார்கள். உன் பொண்டாட்டி தன் பெயரைச் சொல்லிச் சம்பாதிப்பாள், உன் மகள் அதைப் பார்த்து வளர்வாள். அந்த ரூமில் எது ஆடினாலும் நான் விடமாட்டேன். இது உன் தலை மேல் சத்தியம்.

உன்னோடு சண்டை போட்டே வளர்ந்து, இப்போது தனியாகச் சண்டை போடுகிற
உன் தங்கச்சி,
கலைவாணி